மலையைச் சுற்றினால் எடை குறையுமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் வேண்டுதலோடு வருகிறவர்கள் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வருகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து வருகிறவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். "மாசாமாசம் சுத்தறேன், உடம்பு மட்டும் இறங்கவே மாட்டேங்குது" என்ற பேச்சு இந்திர லிங்கத்துக்கும் அக்னி லிங்கத்துக்கும் நடுவில் காதில் விழாமல் போகாது. பேசுகிறவருக்குச் சர்க்கரை இருக்கும், கூட நடப்பவருக்குப் பிரஷர், பின்னால் வருகிறவருக்கு முழங்கால் வலி. எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று மூவருக்கும் சொல்லப்பட்டிருக்கும். மூவரும் உண்மையாகவே முயன்றிருப்பார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் தொடங்கி, எட்டு லிங்கங்களையும் அடி அண்ணாமலையையும் கடந்து மறுபடி கோபுரத்தடிக்கு வந்து சேர, நிதானமாக நடப்பவருக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். ஏறக்குறைய 20,000 அடிகள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகிற சக்தியைக் கழித்துவிட்டால், சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க உடல் எடையில் கிலோவுக்கு அரை கலோரி வீதம் ஆகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 500 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக் கரைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அப்படியென்றால் ஒரு கிரிவலத்தில் கரைவது 65 கிராம்தான். வருஷத்துக்கு 12 அல்லது 13 பௌர்ணமி. ஒன்றுகூட விடாமல் நடந்தாலும் சுமார் 800 கிராம். அதுவும் வழியில் வாயில் எதையும் போடாமல் இருந்தால். தொன்னையில் தருகிற சர்க்கரைப் பொங்கலும், விடிந்ததும் பசியோடு சாப்பிடுகிற பூரியும் அந்த 500 கலோரியை ஒரே வேளையில் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆகவே எடைக்கருவியில் முள் அசையாததில் வியப்பில்லை. ஆனால் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் கல்லீரல் கொழுப்பும் எடை என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து வருவதில்லை. இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதில் இந்திய மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய செய்தி அது; போதிய அளவு பேசப்படவில்லை.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. இரண்டு மருத்துவர்கள் நிற்கும் படம். ஒருவர் புணே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக ஒன்றே: 22.3. எந்த மருத்துவரும் குறை சொல்லாத எண். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளிப்பார்வைக்கு ஒல்லியானவர், உள்ளே கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

இது தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக்கின் குழு காட்டியது. புணே மாவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குக் கைகால் மெலிவு, தசை குறைவு. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பஞ்சமும் இளவயதுப் பிரசவமும் பார்த்த உடம்பு, தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொழுப்பு இருப்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்குகிற கொழுப்பு பெரிய கெடுதல் செய்வதில்லை. அது உடம்பின் நெற்குதிர். நம்மில் பலருக்கு அந்தக் குதிர் சிறியது. விளைச்சல் கூடுகிற வருஷத்தில் குதிர் நிரம்பி, நெல் வீட்டுக்குள் கண்ட இடத்தில் கொட்டிக் கிடப்பதுபோல, மிஞ்சும் கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் போய்ச் சேருகிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். முந்தின இரவு ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அதே கல்லீரல் ரத்தத்தில் கூடுதலாகக் கொழுப்பை அனுப்ப, கணையத்திலும் கொழுப்பு படிந்து இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது.

இந்தியர்களுக்கான வரம்புகளைக் குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான். உலக அளவில் பி.எம்.ஐ. 25-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்திய மருத்துவர்கள் 2009-ல் வகுத்த வரையறையில் அவை 23, 25. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தையல்காரரின் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். எடைக்கருவியைவிட அது நமக்குச் சரியான சேதி சொல்லும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் எண்களை இங்கே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்ட, தாண்டிய பெண்கள் நான்காவது ஆய்வில் 30.9 சதவீதம், 2019-21-ல் நடந்த ஐந்தாவது ஆய்வில் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37. அரை பத்தாண்டுக்குள் இந்த ஏற்றம். 23 என்ற கோட்டை வைத்து எண்ணினால் இன்னும் கூடும். நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு இதற்கு இணையானது: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி.

வாசலில் நிற்கிறவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா என்று சென்னையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு செய்தது. முடிவுகள் 2006-ல் வெளியாயின. சர்க்கரை நோய்க்கு முந்தின நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். ஒரு பிரிவுக்கு அன்றாடம் அரை மணி நேர வேகநடையும் உணவு மாற்றமும். இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை போட்டவர்களில் 40.5. நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருந்தன.

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் வேறு. நடந்து பயன்பெற்ற அந்தப் பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால், பாதியிலேயே "பிரயோஜனமில்லை" என்று நிறுத்தியிருப்பார்கள். நோயோ தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

எப்படி? விடை கெண்டைக்காலிலும் தொடையிலும் இருக்கிறது. சாப்பிட்டபின் இன்சுலின் சுரந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. ஓய்வில் இருக்கும் தசைக்குச் சர்க்கரை உள்ளே போக இன்சுலின் வேண்டும். நடக்கும்போது அப்படியில்லை. தசை சுருங்கி விரியும் அசைவிலேயே, சர்க்கரையை உள்ளே இழுக்கும் கிளூட்-4 என்ற புரதம் செல்லின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. நடந்து முடித்த பின்னும் தசை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். அந்த நன்மை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும். பிறகு கரைந்துபோகும். சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் உடற்பயிற்சியை விடக்கூடாது என்று சொல்வதன் காரணம் அதுவே.

பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள். ஒரு சுற்றின் பலன் இரண்டு நாளில் தீர்ந்தால் மீதி இருபத்தேழு நாளுக்கு என்ன இருக்கிறது? மாதம் ஒருமுறை 14 கிலோமீட்டர் நடப்பதைவிட, தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பது உடம்புக்கு மிகவும் மேல். சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிஷம் தெருவில் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை குறையும். பக்திக்கு எந்த நாள் உகந்தது என்பது அவரவர் மனசு. தசைக்குத் திதி கிடையாது. பௌர்ணமி கிரிவலத்தை விடச் சொல்லவில்லை. அதை மாதத்தின் ஒரே நடையாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து, 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. இந்த ஊருக்கோ நடப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக ஒரு பாதை இருக்கிறது: நிழல் தரும் மரங்கள், இரவு விளக்கு, நடைமேடை, வழியில் உட்காரக் கோயில்கள். வசதி பக்கத்தில் இருந்தால் மனிதர்கள் நடப்பார்கள் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஏசியாட் காலனியில் டாக்டர் வி. மோகனின் குழு விழிப்புணர்வு வேலை செய்த பிறகு, குடியிருப்போரே பணம் போட்டுப் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்குமேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். அந்த மக்கள் திடீரென்று சோம்பலை விட்டவர்கள் ஆகிவிடவில்லை. நடக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே.

எடை குறைவதே தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. குறைந்தால் நல்லது, சிறிது குறைந்தாலே நல்லது. ஒரு கிலோ குறைந்தால் ரத்த அழுத்தம் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும். முழங்காலுக்குக் கிடைக்கிற லாபம் இன்னும் பெரிது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின்மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால், கிரிவலத்தின் ஒவ்வொரு அடியிலும் இருபது கிலோ பாரம் குறைவாகத் தாங்கினால் போதும்.

நிறையக் குறைந்தால் சர்க்கரை நோயே பின்வாங்கலாம். பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் நடத்திய 'டைரக்ட்' ஆய்வில், கண்டிப்பான உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருஷ முடிவில் மாத்திரை இல்லாமலே நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். அதே டெய்லர் பிறகு, பருமன் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 20 பேரிடம் சோதித்துப் பார்த்தார். தங்கள் எடையில் ஆறேழு சதவீதம் குறைத்ததும் கல்லீரல், கணையக் கொழுப்பு இறங்கி, 14 பேருக்கு நோய் தணிந்தது. ஒல்லியானவருக்கும் அவரவர் குதிருக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பது இதில் தெளிவாகிறது. ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு இதை முயல்வது ஆபத்து; அந்த ஆய்வுகள் எல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் நடந்தவை.

குறைத்த எடை திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்காகத் திட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மெல்போர்னில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரம் குறைவாகச் சாப்பிட்டு எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்களை ஒரு வருஷம் கழித்தும் அளந்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. எடை குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டதாகவே உடம்பு எண்ணுகிறது. பசியைக் கூட்டி, செலவைச் சுருக்கி, இழந்ததை மீட்கப் பார்க்கிறது. "வாயைக் கட்ட முடியலையா" என்று மருமகளையோ மகனையோ கேட்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இந்தப் பசியின்மேல்தான் வேலை செய்கின்றன. உரியவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் வேகமாகக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகும். பிறவியிலேயே தசை குறைந்த நமக்கு அது சின்ன இழப்பில்லை. ஊசியோ பட்டினியோ, எந்த வழியில் குறைத்தாலும் புரதமும் தசைப் பயிற்சியும் கூடவே வேண்டும்.

புரதம் என்றதும் நம் தட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இண்டியாப் ஆய்வின் 2025-ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. திருவண்ணாமலைச் சீமையில் கழனிவேலைக்குப் போனவர்கள் காலையில் கூழும் மத்தியானம் களியும் சாப்பிட்டார்கள். மழைக்காலத்தில் அவித்த மல்லாட்டை. நாற்று நடவும் களையெடுக்கவும் குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு அது போதாமலும் இருந்தது. ரேஷனில் கிடைத்த அரிசி பசியைப் போக்கியது. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. பசி போன பிறகும் தட்டில் சோற்றின் குவியல் மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது. ஜவ்வாது மலைச் சாமையும் கேழ்வரகும் நல்லவை; ஆனால் சாமைச் சோறு என்பதற்காக வயிறு முட்டச் சாப்பிட்டாலும், சோற்றை விட்டுவிட்டு ராத்திரி ஐந்து சப்பாத்தி தின்றாலும் பெரிய பலன் இல்லை என்பதையே அந்த ஆய்வும் காட்டியது. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து, அந்த இடத்தில் பருப்பும் பயறும் தயிரும் வரவேண்டும். மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை, மல்லாட்டை எல்லாமே இந்த மண்ணின் பொருள்கள்.

கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்யும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் இடுகிற சோறு எத்தனையோ ஏழைகளின் பசியை ஆற்றுகிறது. சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் சுண்டல் அண்டா ஒன்றும் வையுங்கள். சுண்டலும் பிரசாதம்தானே.

கடைசியாக, நடக்கிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு. விரதமிருந்து வெறும் வயிற்றோடு நாலைந்து மணி நேரம் நடப்பது, இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வந்தால் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போட வேண்டும். அன்றைய மருந்தளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதைவிடக் கவலை தருவது பாதம். பல வருஷம் சர்க்கரை கூடி நின்றால் பாத நரம்புகள் உணர்விழந்துபோகும். வெறுங்காலில் நடக்கும்போது முள் குத்தினாலும் கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் தெரியாது. பௌர்ணமித் திதி பகலில் தொடங்கி, சித்திரை வெயிலில் நடக்க நேர்ந்தால், தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடும். தோல் வெந்து கொப்புளமானாலும் வலிக்காது. வலி இல்லாததால் மேலும் நடப்பார்கள். அந்தக் கொப்புளம் புண்ணாகி, ரத்த ஓட்டமும் குறைந்த காலில் ஆறாமல் போய், விரலையும் காலையும் இழந்தவர்கள் உண்டு. பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளலாம். உணர்வு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். உள்ளே மெத்தென்றிருக்கும், விரல்களை நெருக்காத செருப்போடு, வெயில் இறங்கிய பிறகு, முடிந்த தூரம் மட்டும் நடக்கலாம். வீடு திரும்பியதும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கு ஈரம் போக ஒற்றி, பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லியோ முழுக்கப் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ கண்ணில் பட்டால் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் காத்திருக்காமல் மறுநாள் காலையே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.